ஆசிரியர் விபுலாநந்தர்

சுவாமி விபுலாநந்தரைப் பற்றி ஒரு தடவையாவது மேடையேறிப் பேசாமல் நம்மில் எவரும் பாடசாலையை விட்டு வெளியேறியிருக்க மாட்டோம். தமிழ்மொழித் தினப் போட்டி என்றால் பேச்சுக்கு அவர், கட்டுரைக்கும் அவர். மீன் பாடும் தேனாட்டின் மாமணி, முத்தமிழ் வித்தகர், யாழ் நூல் தந்த அடிகளார் என்று மூச்சு விடாமல் ஒப்புவித்துவிட்டு, கைதட்டலோடு இறங்கிவந்து, அடுத்த பாடத்துக்கு ஓடினோம். காவியுடுத்த பெரியவர் ஒருவர் என்பதற்கு மேல் அவர் நமக்கு என்னவாக இருந்தார் என்று அன்று யோசித்ததில்லை.

நூற்றாண்டு மலருக்காக அந்த வாழ்க்கையை நாம் மறுபடியும் எடுத்துப் படித்தோம். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு வேறொன்று தெரிகிறது. பேராசிரியர், பத்திராதிபர், ஆராய்ச்சியாளர், துறவி என்ற எல்லாப் பெயர்களுக்கும் அடியில் அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பதினாறு பதினேழு வயதில் கையில் எடுத்த வெண்கட்டியை அவர் கடைசிவரை முழுதாகக் கீழே வைக்கவேயில்லை. ஆசிரியத் தொழில் ஒரு மனிதரின் உள்ளத்திலிருந்து எவ்வளவு எடுக்கும், அவர் அதை எப்படித் தாங்குவார் என்பதற்கு, கிழக்கு மாகாணத்தில் இவரைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்காது. அந்தப் பக்கத்தை மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறோம். யாழ் நூலைப் பற்றி எழுதத் தகுதியுள்ளவர்கள் வேறு பலர் உண்டு.

1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் காரைதீவில் பிறந்தார். தந்தை சாமித்தம்பி, தாய் கண்ணம்மை. பிள்ளைக்கு இட்ட பெயர் மயில்வாகனம். ஊரில் முதலெழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் குஞ்சித்தம்பி ஆசிரியர். பன்னிரண்டு வயதுப் பையன் தன் ஆசிரியரைப் போற்றிச் செய்யுள் எழுதினான் என்பது அவரது வரலாற்றை எழுதிய எல்லோரும் சொல்லும் செய்தி. பிற்காலத்தில் எத்தனையோ பெரிய விடயங்களைப் பாடியவர் முதலில் பாடியது ஒரு கிராமத்து வாத்தியாரை என்பது நமக்குப் பிடித்திருக்கிறது. ஆசிரியர் மீது இப்படியொரு பற்று வைத்த பிள்ளைகள்தான் பெரும்பாலும் பிறகு ஆசிரியராகிறார்கள். நம் வகுப்புத் தோழிகளில் ரீச்சராகப் போனவர்களை எண்ணிப் பாருங்கள்.

கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பிறகு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். மிக்கேல் கல்லூரியில் பொனல் பாதிரியார் அவருக்குக் கணிதத்தில் ருசி ஏற்றினார். 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்து, படித்த இடத்திலேயே படிப்பிக்கத் தொடங்கினார். தன்னைவிட இரண்டு மூன்று வயதே இளைய பையன்களுக்கு முன்னால் நின்றிருப்பார். முதல் நியமனத்தில் வகுப்புக்குள் நுழையும்போது உள்ளங்கை வியர்ப்பதை எமது தோழிகள் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! இவருக்கும் வியர்த்திருக்கும்.

அதன்பின் அடுத்தடுத்து இடமாற்றங்கள். கொழும்பில் ஆங்கில ஆசிரியப் பயிற்சி. திரும்பி வந்து மட்டக்களப்பில் ஆசிரியப் பணி. மறுபடி கொழும்பில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானப் படிப்பு. 1916இல் விஞ்ஞான டிப்ளோமா. அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம். அந்தப் பட்டத்தை இலங்கையிலிருந்து முதலில் பெற்றவர் அவர். 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். இடையில் தானே படித்து இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர். பகலில் படிப்பித்துவிட்டு இரவில் தன் பரீட்சைக்குப் படிப்பது எப்படிப்பட்ட வேலை என்பது இன்று பட்டப்பின் டிப்ளோமாவுக்கு ஓடும் நம் ஆசிரியைகளுக்குத் தெரியும்.

கத்தோலிக்கக் கல்லூரியில் படித்தும் படிப்பித்தும் வந்த சைவர், ஒரு நாளும் அந்தப் பாதிரிமார்களைக் குறைத்துப் பேசியவர் அல்லர். நம் மாவட்டத்தில் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் தேவாலய மணியும் ஒரே காற்றில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பெரிய புதினமில்லை. ஆனாலும் சொல்லிவைக்க வேண்டும்.

1922இல் அவர் மானிப்பாயை விட்டுச் சென்னை இராமகிருஷ்ண மடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அதிபர் பதவி, பட்டம், ஊரில் மதிப்பு எல்லாம் வந்து இரண்டே ஆண்டு. வாழ்க்கை வரலாறுகளில் இந்த இடம் ஞானத் தாகம் என்ற ஒரு வரியில் கடந்துவிடும். நமக்கோ மறுநாள் காலை அந்தக் கல்லூரியில் பிரார்த்தனைக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். பிள்ளைகள் ஆசிரியரை விட்டுப் போவது ஆண்டுதோறும் நடப்பது. அதற்குப் பிரியாவிடை வைபவமும் சிற்றுண்டியும் குழுப்படமும் உண்டு. ஆசிரியர் பிள்ளைகளை விட்டுப் போகும்போது அவருடைய மனம் என்ன பாடுபட்டது என்று யாரும் கேட்பதில்லை. பதினான்கு ஆண்டுக்குள் எத்தனை வகுப்பறைகளை விட்டு அவர் இப்படி வெளியே வந்திருக்கிறார் என்று எண்ணும்போது, துறவு அவருக்கு 1924இல் தொடங்கியதாக நமக்குத் தோன்றவில்லை.

சென்னையில் பிரபோத சைதன்யர் என்ற பெயரில் பிரமச்சரிய வாழ்வு. மடத்தின் பத்திரிகைகளில் வேலை. 1924 சித்திரா பௌர்ணமியன்று சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். அடுத்த ஆண்டு இலங்கைக்குத் திரும்பினார். இங்கேதான் வேடிக்கை. குடும்பம் வேண்டாம் என்று போனவரின் கையில் மிஷன் கொடுத்தது பாடசாலைகளை! யாழ்ப்பாணத்தில், மட்டக்களப்பில், திருகோணமலையில் என்று பிள்ளைகள் நிறைந்த வீடுகளை. ஒரு பிள்ளைக்கும் தகப்பனாகாதவர் சில நூறு பிள்ளைகளுக்குப் பொறுப்பாளியானார்.

எமது ஊருக்கு அவர் வந்தது அப்படித்தான். அண்ணன்மாரும் தம்பிமாரும் படித்த இந்துக் கல்லூரியை, இன்றைய இராமகிருஷ்ண மிஷன் ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரியை, 1925இல் மிஷன் பொறுப்பேற்றது. விபுலாநந்தர் அதன் முகாமையாளராகவும் சில காலம் அதிபராகவும் இருந்தார். அன்றைய திருமலையை மனதில் கொண்டுவர நாம் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் கையில். கோட்டைக்குள்ளும் அவர்களே. சுவாமி மலையில் இன்று நாம் கும்பிடும் கோயில் அப்போது இல்லை. அதன் குடமுழுக்கு 1963இல்தான் நடந்தது. அதற்குமுன் மக்கள் பாறையின் விளிம்பில் நின்று கடலைப் பார்த்தே பூசை செய்தார்கள். ஊரின் சோறு பெரும்பாலும் கடலிலிருந்தும் டொக்யார்ட்டிலிருந்தும் வந்தது. இத்தகைய துறைமுக ஊரில் பிள்ளையைப் பாடசாலைக்கு வரவைப்பதே முதல் வேலை. படிப்பிப்பது இரண்டாவது.

உதவி நன்கொடை பெறும் பாடசாலை என்று அக்காலத்தில் சொல்வார்கள். அரசாங்கம் ஒரு பகுதி கொடுக்கும். மீதியை முகாமை தேடிக்கொள்ள வேண்டும். வித்தியாதரிசி வருவார், இடாப்பைப் புரட்டுவார், வகுப்பில் கேள்வி கேட்பார். ஆகவே வராத பிள்ளையைப் பற்றிய கவலை ஒரே நேரத்தில் மனதின் கவலையும் கணக்குப் புத்தகத்தின் கவலையுமாக இருக்கும். இந்த இரண்டையும் ஒருவரே சுமப்பது கொடுமையான விடயம். பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்கும்போது, அந்தக் கேள்வியில் எவ்வளவு அன்பு, எவ்வளவு நிர்வாகம் என்று கேட்பவருக்கே தெரியாமல் போய்விடும். இன்றைய அதிபர்களும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள், படிவங்கள்தான் கூடியிருக்கின்றன.

1929இல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். பெற்றோரை இழந்த பிள்ளைகளும் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளும் தங்கிப் படிக்க மாணவர் இல்லமும் அவருடைய பொறுப்பில் நடந்தது. சொந்த ஊரான காரைதீவில் பெண்பிள்ளைகளுக்கெனச் சாரதா வித்தியாலயம். பெண்ணுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்றிருந்த காலத்தில் ஒரு துறவி பெண்கள் பாடசாலைக்காக அலைந்தார் என்பதை நமது மலரில் சற்று அழுத்தியே எழுதலாம்.

விடுதிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என்பது இரண்டு மணிக்கு மணி அடித்ததும் முடிகிற வேலையல்ல. இரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். இன்னொன்று அம்மாவை நினைத்து அழும். மூன்றாவது பிள்ளை அழாது. அதுதான் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய பிள்ளை. வைத்தியசாலையில் சிறுவர் விடுதியில் இரவுக் கடமை செய்த நமக்கு இது தெரியும். ஆனால் எமக்கு எட்டு மணிக்கு இன்னொரு வைத்தியர் வந்து பொறுப்பெடுப்பார். நோயாளி குணமாகி வீட்டுக்குப் போவார், அல்லது போகமாட்டார். எதுவானாலும் கட்டிலுக்கு அடுத்தவர் வந்துவிடுவார். ஆசிரியருக்கோ அதே முப்பத்தைந்து முகங்கள் முழு ஆண்டும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷீல்ட் 1983இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். தொழிலுக்காக முகத்தில் ஓர் உணர்ச்சியை வரவழைப்பதும், உள்ளே வரும் உணர்ச்சியை அடக்குவதும் உடலுழைப்பைப் போன்றதொரு உழைப்பே, அதற்கும் களைப்பு உண்டு என்பது அவர் சொன்னதன் சாரம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தொழிலால் வரும் சோர்வை நோய் என்று சொல்லாமல், வேலைச் சூழலிலிருந்து எழும் நிலை என்று வகைப்படுத்தியது. வைத்தியர் என்ற முறையில் இந்த வேறுபாட்டை நாம் முக்கியமாகக் கருதுகிறோம். கோளாறு ஆசிரியையிடம் இல்லை, அவர் மீது ஏற்றப்படும் சுமையில் இருக்கிறது என்று அதற்குப் பொருள்.

வெளிநோயாளர் பிரிவுக்கு ஆசிரியைகள் தொண்டை கரகரப்புக்கு வருவார்கள், கால் நரம்பு புடைத்து வருவார்கள், நித்திரை இல்லை என்று வருவார்கள். பின்னால் நிற்பவர்கள் இல்லாத நாளில் சற்று இருக்கச் சொன்னால், பேச்சு தொண்டையிலிருந்து மெதுவாக ஒரு பிள்ளையிடம் போகும். தகப்பன் குடிக்கிற பிள்ளை. தாய் மத்திய கிழக்குக்குப் போன பிள்ளை. காலைச் சாப்பாடு இல்லாமல் வந்து முதலாம் பாடத்தில் மயங்குகிற பிள்ளை. தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றி அவர்கள் சொல்வது கடைசியில்தான், சில வேளை சொல்வதேயில்லை.

நம் ஊரில் இதற்கு மேலொரு சுமையும் இருந்தது. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கிய பின் பாடசாலை திறந்தபோது, எமது வகுப்பில் ரீச்சர் இடாப்புக் கூப்பிட்டார். சில பெயர்களுக்குப் பதில் வரவில்லை. இடம்பெயர்ந்து காட்டுக்குள் போனார்களா, கப்பலேறி யாழ்ப்பாணம் போனார்களா, இந்தியா போனார்களா, ஒருவருக்கும் தெரியாது. ரீச்சர் ஒவ்வொரு பெயருக்கும் சிறிது நேரம் நின்றார். அடுத்த பெயருக்குப் போனார். முடித்துவிட்டுப் பின்னக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினார். அன்று அது எங்களுக்குச் சாதாரண நாள் போலவே இருந்தது. அப்படி இருக்கும்படி அவர் செய்தார் என்று இப்போது விளங்குகிறது. வீட்டுக்குப் போய் அவர் என்ன செய்தார் என்று கேட்க நமக்கு வயதில்லை. 2004 டிசம்பருக்குப் பிறகு, கடற்கரைப் பாடசாலைகளில் இடாப்புக் கூப்பிட்ட ஆசிரியைகளுக்கும் அதே வேலை வந்தது.

இப்படிப்பட்ட ஒரு தொழிலில் விபுலாநந்தர் ஏறக்குறைய நாற்பது ஆண்டு எப்படி நின்றார்? பக்தியால் என்பது வழக்கமான விடை. அதை மறுக்கவில்லை. ஆனால் அவரது வாழ்க்கையில் இன்னும் இரண்டு விடயங்கள் நம் கண்ணில் படுகின்றன.

ஒன்று, அவர் தனியாகச் சுமக்கவில்லை. போன இடமெல்லாம் ஆட்களைச் சேர்த்தார், பொறுப்பைக் கைமாற்றினார். சிவானந்த வித்தியாலயத்தையும் மாணவர் இல்லத்தையும் சுவாமி நடராஜானந்தர் போன்றவர்கள் தாங்கினார்கள். விபுலாநந்தர் இல்லாத ஆண்டுகளிலும் அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

மற்றது, பிள்ளைகள் யாரும் எதையும் கேட்காத ஓர் அறை அவருக்குள் இருந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் கிடக்கும் இசைக் குறிப்புகளை எடுத்து, பண்டை யாழ்களின் நரம்பும் சுருதியும் எப்படி அமைந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கணிதமும் பௌதிகமும் தமிழும் சேர்ந்த வேலை. பதினான்கு ஆண்டு ஆய்வு என்பார்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் போனபோதும், 1939 முதல் 1941வரை இமயமலையில் மாயாவதியில் பிரபுத்த பாரதம் என்ற ஆங்கிலப் பத்திரிகையை நடத்தியபோதும், பிறகு 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக வந்தபோதும் யாழ் கூடவே வந்தது. இந்த ஆராய்ச்சியைத் தமிழுக்குச் செய்த தொண்டு என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அது அவருக்கு மூச்சுவிடும் இடமாகவும் இருந்திருக்கும் என்பது நமது எண்ணம். நரம்புகளுக்குப் பசிக்காது, காய்ச்சல் வராது, அவை யாரையும் இழந்துவிட்டு வந்து முன்னால் நிற்பதில்லை.

ஆனால் அங்கும் வாத்தியார் ஓய்ந்துவிடவில்லை. சிதம்பரத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தபோது, மாலையில் பக்கத்துத் திருவேட்களத்துச் சேரிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். அக்காலத்தில் பேராசிரியர்கள் செய்யத் துணியாத காரியம்.

ஒன்றை இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். விபுலாநந்தரைக் காட்டி இன்றைய ஆசிரியைகளிடம் தியாகம் கேட்கிற வழக்கம் நம் மேடைகளில் இருக்கிறது. ஆசிரியர் தினத்தில் பொன்னாடை போர்த்தி, மெழுகுவர்த்தி போல உருகுகிறீர்கள் என்று பேசிவிட்டு இறங்குகிறோம். உருகுவது நல்லதா என்று யாரும் கேட்பதில்லை. விபுலாநந்தருக்குச் சமைத்துவைக்க வேண்டிய வீடு இல்லை. பார்க்க வேண்டிய மாமியார் இல்லை. மாத முடிவில் கடன் தவணை இல்லை. பின்னால் ஒரு மிஷன் இருந்தது. நம் ரீச்சர்மார் அதிகாலை நான்கு மணிக்கு எழும்பி, இரண்டு சாப்பாட்டுப் பொதி கட்டி, மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பஸ் ஏறி வந்து, அவர் கொடுத்த அதே கவனத்தை முப்பத்தைந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். காவியில்லாமல் கொடுத்தார்கள். அதனால் அது நம் கண்ணில் படவில்லை. கிண்ணியாவுக்குப் பாலம் வரும் முன்பு பாதைக்காகக் காத்து நின்று நனைந்த சேலையோடு வகுப்புக்குள் வந்தவர்களை உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

பழைய மாணவியர் சங்கங்கள் கட்டடத்துக்கு நிதி சேர்க்கின்றன, கணினி வாங்கிக் கொடுக்கின்றன. நல்லது. ஆசிரியைகள் இருந்து மனம்விட்டுப் பேச ஓர் அறை, மாதத்தில் ஒரு நாள் வந்து கேட்க ஓர் உளவள ஆலோசகர், நீண்ட நாள் லீவில் போனவரின் வகுப்பைப் பார்க்க ஒரு பழைய மாணவி: இவற்றுக்குப் பெரிய செலவில்லை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் நம்மவர்கள் இதையும் ஒரு தடவை யோசித்துப் பார்க்கலாம்.

விபுலாநந்தரின் உடம்பு இதையெல்லாம் இலவசமாகத் தாங்கவில்லை. கொழும்பில் பேராசிரியராக இருந்த கடைசி ஆண்டுகளில் உடல்நலம் குன்றியே இருந்தார். அந்த நிலையிலும் 1947 ஜூன் மாதம் தமிழ்நாட்டுக்குப் போனார். திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், யாழ் நூல் அரங்கேறியது. அவர் விளக்கிய முறைப்படி செய்யப்பட்ட யாழ்கள் சபையில் இசைக்கப்பட்டன. அதன்பின் கொழும்புக்குத் திரும்பினார். ஆறு கிழமை கழித்து, ஜூலை 19ஆம் திகதி காலமானார். வயது 55. இன்றைய கணக்கில் ஓர் ஆசிரியர் இன்னும் வகுப்பறையில் நிற்கக்கூடிய வயது.

உடலை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலய வளவுக்குள் மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். இறைவன் விரும்பும் மலர்களைப் பற்றி அவர் பாடிய பாட்டைச் சமாதியில் பொறித்திருக்கிறார்கள். திருமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிறவர்கள் இறங்கிப் பார்க்கலாம். பாடசாலை நாளில் போனால் இடைவேளைச் சத்தம் அந்த மரத்தடி வரை கேட்கும்.